கழுதை இழுத்த கண்ணாடி வயர்

பயம் வந்தால் மனிதருக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். என் விஷயத்தில் அது பிழை. பயத்தில்தான் என் மூளை மிகத் திறமாக வேலை செய்யும். ஆனால் அந்த நேரத்துக்குத் தேவையில்லாத வேலையைச் செய்யும். துவக்கு முனையில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, கக்கத்தில் சேட்டுக் கிழிந்திருக்கிறதே, எல்லாரும் பார்ப்பார்களே என்று கவலைப்படும். (இது உவமை இல்லை. சேட்டு உண்மையாகவே கிழிந்திருந்தது.)

சமாதானம் என்று எல்லாரும் கைகுலுக்கி முடிந்து, மன்னாரில் திரும்பவும் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த காலம். கிளைமோர் என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் சரியாக உச்சரித்தது. தெருவோரம் குண்டு இருக்கும், அதிலிருந்து ஒரு கறுத்த வயர் பற்றைக்குள் ஓடும், வயரின் மறு முனையில் ஒருவன் சின்னப் பெட்டியும் கையுமாகக் காத்திருப்பான். அதனால் நிலத்தில் ஒரு வயர் கிடந்தால் ஆமிக்கு மட்டுமில்லை, மீன் வாங்கப் போகும் சனத்துக்கும் நெஞ்சு படபடக்கும். உடுப்புக் காயப்போடும் கொடியைக்கூட எங்கள் அயலில் வெள்ளைக் கயிற்றில்தான் கட்டினார்கள்.

இந்தக் காலத்தில்தான் நான் ஒரு சின்னத் தெருவின், ஓர் ஒழுங்கையின், நீளத்துக்குக் கறுத்த வயர் இழுத்தேன்.

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்கும் ஒரு கந்தோரில் எனக்கு வேலை. பதவி, கொம்பியூட்டர் பொறுப்பாளர். (கொம்பியூட்டர் நின்றால் நிற்பாட்டி மறுபடி போடுவேன். அதற்குமேல் போனால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி.) கந்தோர் ஒழுங்கை முகப்பில் ஒரு மாடி வீடு. அதற்கு நேர் எதிரே ஆமியின் காவல் சென்றி. மண்மூட்டை, தகரக் கூரை, மேலே எட்டிப் பார்க்கும் துவக்கு.

எங்கள் பிறிண்டர் பழைய சாதி. ஊசியால் குத்திக் குத்தி எழுதுவது. பெரிய பெட்டகம் அளவு. நிவாரண அட்டைகளை அது வேகமாக அடிக்கும், ஆனால் அடிக்கும்போது வரும் சத்தம் இருக்கிறதே, "ட்ரட்ட்ட்ட்... ட்ரட்ட்ட்ட்..." முதல் நாள் அதைப் போட்டதும் ஒழுங்கையில் ஒரு குருவி இல்லை. எதிர்ச் சென்றியில் துவக்குகள் எல்லாம் எங்கள் யன்னலைப் பார்த்தன.

அப்போது சென்றிக்குப் பொறுப்பாக இருந்தவர் தொந்தி வைத்த ஒரு கோப்ரல். தங்கமான மனுசன். காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய பாண் ரொட்டியை ஒழுங்கைக் கழுதை ஒன்றுக்குத் தன் கையாலேயே ஊட்டுவார். மாடிக்கு ஏறி வந்து பிறிண்டரைச் சுற்றிப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்து, பிறகு சிரிப்பை நிற்பாட்டி, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"மல்லி, இதை வேற இடத்தில வை. என்ட பொடியன்மார் பயத்தில இருக்கிறாங்கள். பயந்தவன்ட விரல் நல்ல விரல் இல்ல."

ஆகவே பிறிண்டர் ஒழுங்கையின் அடுத்த அந்தத்தில் இருந்த எங்கள் களஞ்சியத்துக்குப் போனது. ஒரு காலத்தில் கருவாடு அடுக்கிய கட்டடம், இப்போது மாவும் பருப்பும். களஞ்சியக்காரர் செபமாலை அண்ணன். கடலுக்குப் போக ஆமி விடாததால் கரைக்கு வந்த சம்மாட்டி, வள்ளமும் வலையும் வைத்திருந்தவர். வாய் மட்டும் இன்னும் கடலில்தான் நின்றது. அட்டைகளைப் பார்த்துப் பிரிப்பது ஜெசிந்தா. நீர்கொழும்பில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். சிங்களம் தண்ணீர்போல ஓடும். என்னை "ஜெறோம் சேர்" என்று கூப்பிடுவாள். அந்தச் 'சேர்' மரியாதையா நக்கலா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. (இப்போது தெரியும்.)

பிறிண்டர் அங்கே, கொம்பியூட்டர் இங்கே. சாதாரண பிறிண்டர் வயர் மேசையிலிருந்து மேசைக்குத்தான் போகும். நானே கெட்டித்தனமாக வயரை ஒட்டி ஒட்டி நீட்டிப் பார்த்தேன். கொம்பியூட்டரில் "மரியாம்பிள்ளை" என்று அனுப்பினால் களஞ்சியத்தில் கேள்விக்குறிகளும் சதுரங்களும் வந்து விழுந்தன. கொழும்புக் கந்தோருக்குச் சொன்னோம். அங்கிருந்த பொறியியலாளர் ஓர் உருளை நிறைய வயரும் இரண்டு சின்னப் பெட்டிகளும் அனுப்பினார். வயருக்குள் செம்பு இல்லை, மயிரளவு கண்ணாடி நூல். கொம்பியூட்டர் சொல்வதை ஒரு பெட்டி வெளிச்சமாக மாற்றும், வெளிச்சம் கண்ணாடிக்குள்ளால் ஓடும், மற்றப் பெட்டி அதைப் பிறிண்டருக்கு விளங்கப்படுத்தும். எவ்வளவு தூரம் என்றாலும் எழுத்துக் கெடாது.

பொறியியலாளர் போனில் ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். வயரின் முனையில் தூசு படக்கூடாது. பெட்டியிலிருந்து கழற்றினால் அடுத்த நிமிஷமே அந்தச் சிவப்பு றப்பர் மூடியைப் போட்டுவிட வேண்டும்.

நான் இதை வேதமாக எடுத்துக்கொண்டேன். வயர் முனையைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் பிரசங்கம் வைத்தேன். "மூடி, செபமாலை அண்ணன், மூடி." "மூடியைப் போட்டிட்டீங்களோ மிஸ்?"

செபமாலை அண்ணன் உருளையைச் சுற்றி வந்தார்.

"அப்ப இதுக்குள்ளால கரண்ட் போகாது எண்டுறீர்."

"போகாது அண்ணன். வெளிச்சம் மட்டும்தான்."

"வெளிச்சத்தைக் குழாய்க்குள்ள அடைச்சு அனுப்புறியள். நல்லது. எங்கட வீட்டிலயும் கரண்ட் இல்லை. மிச்சம் கிடந்தா ஒரு முழம் வெட்டித் தாரும், அடுப்படிக்குள்ள விடுறன்."

ஜெசிந்தா அட்டைகளுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரித்தாள்.

வயர் இழுக்க முன்னர் கோப்ரலிடம் அனுமதி கேட்டேன். அவர் வயரைத் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார். "ஹரி மல்லி, பிரச்சினை இல்ல." வாயால் சொன்ன அனுமதிதான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் அவர் வாய்தானே சட்டம். ஒழுங்கை நெடுகப் பனங்கம்புகள் நட்டோம். கட்டி முடிக்க முன்னமே பொழுது பட்டுவிட்டது, மிச்சத்தை அடுத்த நாள் பார்ப்போம் என்று விட்டோம்.

அந்த இரவோடு இரவாகச் சென்றியில் ஆமி மாறிவிட்டது. கோப்ரலும் அவருடைய பொடியன்மாரும் வேறு எங்கோ போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் எங்களைக் கண்டதில்லை. பிறிண்டரைக் கண்டதில்லை. வயரைப் பற்றிக் கேள்விப்படவில்லை. கழுதையைப் பற்றியும் கேள்விப்படவில்லை.

இதெல்லாம் தெரியாமல் நான் காலையில் வந்தேன். சென்றியில் முகங்கள் மாறியிருந்ததைப் பார்க்கவும் பார்த்தேன். ஆனால் எனக்கு வயர் தலைக்கேறியிருந்தது. களஞ்சியப் பக்க முனையை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு வந்து, கந்தோர் முற்றத்தில் நின்று இந்தப் பக்க முனையைப் பெட்டியில் செருகிப் பூட்டினேன். மின்வெட்டு ஊர் என்பதால் பெட்டி பற்றரியிலும் ஓடும். போட்டதும் அதன் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டு விட்டு மின்னியது. அழகாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கழுதை வந்தது.

மன்னார்க் கழுதைக்கு முதுகு கடித்தால் கம்பம் வேண்டும். நான் நட்ட பனங்கம்பில் அது ஆசையாக உரஞ்சியது. கம்பு சாய்ந்தது. வயர் இறங்கி, மாலை போட்டதுபோல அதன் கழுத்தில் விழுந்தது. கழுதை திடுக்கிட்டது, ஆனால் நேரத்தை மறக்கவில்லை. அது பாண் நேரம். எந்த நாளும் இந்த நேரம் சென்றி வாசலில் பாண் கிடைக்கும். ஆகவே கழுத்தில் கறுத்த வயரோடு, பின்னால் வயர் இழுபட, நேரே சென்றியை நோக்கி நடந்தது.

வயர் இறுகி என் கையிலிருந்த பெட்டி துள்ளியது. கொழும்புப் பெட்டி. உடைந்தால் என் வேலையும் உடையும். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழுதைக்குப் பின்னால் ஓடினேன்.

வாசகர்களே, நீங்கள் ஒரு நிமிஷம் அந்தச் சென்றிக்குள் போய் நின்று பாருங்கள். உங்களுக்கு இந்த ஊரில் முதல் நாள். ஒரு கழுதை கறுத்த வயரோடு உங்களை நோக்கி வருகிறது. அதற்குப் பின்னால் ஒருவன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறான். அவன் கையில் சிவப்பு வெளிச்சம் மின்னும் ஒரு பெட்டி. வயர் அந்தப் பெட்டிக்குள் போகிறது.

என்னைச் சுடாமல் விட்டவனுக்கு நான் இன்றைக்கும் செபிக்கிறேன்.

"நவத்தின்ன!"

நில் என்று அர்த்தம் என்பதை என் கால்கள் எனக்கு முன்னமே விளங்கிக்கொண்டன. கழுதை நிற்கவில்லை. சென்றி வாசலுக்குப் போய், மண்மூட்டைக்கு மேலால் தலையை நீட்டி, பாணுக்குக் காத்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் மறுபக்கத்தால் பாய்ந்து வெளியே போகும் சத்தம் கேட்டது.

கைகளைத் தூக்கினேன். பெட்டியும் கையோடு மேலே போனது. தலைக்கு மேலே சிவப்பு வெளிச்சம் மின்ன, கலங்கரை விளக்கம் மாதிரி நின்றேன். அந்த நிமிஷத்தில்தான் கக்கக் கிழிசலைப் பற்றி யோசித்தது. செபம் சொல்லப் பார்த்தேன். 'அருள்நிறைந்த மரியே' வரவில்லை. சின்ன வயதிலிருந்து பாடமாகிய எத்தனையோ செபத்தில் எனக்கு வந்தது சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபம். 'ஆண்டவரே, எங்களையும் நாங்கள் உண்ணப்போகும் இந்த உணவையும்...'

இளம் அதிகாரி ஒருவர் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து எழும்பினார். முகத்தில் மீசை இப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்தது. பெட்டியை நிலத்தில் வைக்கச் சொல்லிக் கையால் காட்டினார். 'பெட்டியைத் தொப்பென்று போடாதே' என்ற கொழும்புக் குரல் என் காதில் ஒலித்தது. நான் குனிந்து, நித்திரைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல அதை மெல்ல மெல்ல மண்ணில் வைத்தேன். குண்டு வைக்கிறவனும் அப்படித்தான் வைப்பான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதிகாரி மறுபடி மண்மூட்டைக்குப் பின்னால் போனார்.

"வயர், வயர்!" என்றார் அங்கிருந்து.

கழற்று என்கிறார். கழற்றினேன். பெட்டியையும் நிற்பாட்டினேன், சிவப்பு வெளிச்சம் அணைந்தது. என் மூச்சு வந்தது.

அவர் கிட்ட வந்தார். "மொகத்த மே?"

இது என்ன என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ் ஏறவும் பிளேன்ரீ வாங்கவும் போதும். கண்ணாடி நூலை விளங்கப்படுத்த அதில் இடமில்லை. தேடித் தேடி ஒரு சொல்லைப் பிடித்தேன். எளிய. வெளிச்சம்.

"எளிய, சேர். உள்ளே எளிய. கரண்ட் நே. எளிய."

அதிகாரி என்னைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். பிறகு தமிழும் சிங்களமும் கலந்து, மெதுவாகச் சொன்னார்.

"எளிய போறது எண்டா, காட்டு. வரேல்ல எண்டா, நீ எங்களோட வா."

எங்களோடு வா. அந்தச் சொல்லைக் கேட்டு ஏறிப்போய்த் திரும்பாதவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டுக்காரர். அவர்களுடைய தாய்மார் அரசாங்கக் கச்சேரிக்கும் முகாமுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் எனக்குப் பகிடி வரவில்லை, இப்போதும் வரவில்லை.

ஏற்பாடு இப்படி. ஒரு சிப்பாய் வயரைத் தொடர்ந்து களஞ்சியத்துக்குப் போவான், மறு முனையைக் கண்ணில் வைத்துப் பார்ப்பான். நான் இங்கே ரோச் லைற் அடிப்பேன். வெளிச்சம் தெரிந்தால் தலையை மேலும் கீழும் ஆட்டுவான். தெரியாவிட்டால் பக்கவாட்டில். அதிகாரிக்குத் தெரியும்படி அவன் களஞ்சிய வாசலில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் வாசலில் மன்னார் வெயில். அந்த வெயிலில் மயிரளவு வெளிச்சம் எங்கே தெரியும்? இந்தச் சிக்கலை விளங்கிக்கொண்டவர் செபமாலை அண்ணன். உதவி செய்ய நினைத்தார். வெறும் மாச் சாக்கு ஒன்றை எடுத்து உதறி, சிப்பாயின் தலையில் கவிழ்த்துவிட்டார்.

ஒழுங்கையின் இந்தத் தொங்கலில் நின்று நான் அதைப் பார்த்தேன். சாக்குப் போட்ட ஒரு தலை.

எங்கள் காலத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வரிசையில் விடுவார்கள். முன்னால் சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருப்பான், தலையாட்டி. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவன் போனான். நான் அப்படி வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தத் தலை ஆடாமல் இருக்கவேண்டும் என்று நின்றிருக்கிறேன். இன்றைக்கு, ஆட வேண்டும் என்று நிற்கிறேன்.

ரோச் லைற்றை வயர் முனையில் வைத்து அமத்தினேன்.

சாக்கு அசையவில்லை. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் ஆடியது. இல்லை.

"ஆயெத்" என்றார் அதிகாரி. மறுபடி.

 ரோச் லைற்றை நெற்றியில் தட்டி, திரும்ப வைத்தேன். சாக்கு பக்கவாட்டில் ஆடியது. கழுதை இழுத்து உள்ளே கண்ணாடி உடைந்துவிட்டது. முடிந்தது. என் இரு பக்கமும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அம்மாவுக்கு யார் சொல்வார்கள், இந்தக் கிழிந்த சேட்டோடா போவது என்று மூளை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

களஞ்சிய வாசலில் ஜெசிந்தா வெளியே வந்தாள். ஒழுங்கை நடுவில் நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையை வாயில் குவித்துக் கத்தினாள்.

"ஜெறோம் சேர். மூடியைக் கழட்டுங்கோ."

குனிந்து பார்த்தேன். வயரின் முனையில் சிவப்பு மூடி இருந்தது. பெட்டியிலிருந்து கழற்றிய உடனே என் கை, துவக்குகளுக்கு நடுவிலும், தூசு படாமல் பக்குவமாக அதைப் போட்டிருந்தது. நான் இவ்வளவு நேரமும் றப்பருக்கு வெளிச்சம் அடித்திருக்கிறேன். அவள் அவ்வளவு தூரத்திலிருந்து அதைக் கண்டிருக்க முடியாது. என்னைத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மூடியைக் கழற்றினேன். ரோச் லைற்றை வைத்தேன்.

சாக்குத் தலை நிமிர்ந்தது. பிறகு மேலும் கீழும், மேலும் கீழும், கோயில் மாடு மாதிரி ஆடியது. "எளிய எனவா, சேர்" என்று சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரத்து தருவக் வகே." வெளிச்சம் வருகிறதாம், சிவப்பு நட்சத்திரம் மாதிரித் தெரிகிறதாம் என்று ஜெசிந்தா பிறகு சொன்னாள். ரோச் லைற்றில் பற்றரி இறங்கியிருந்ததால் வந்த சிவப்பு. நான் அதைத் திருத்தப் போகவில்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் என் பக்கத்திலிருந்து விலகினார்கள். களஞ்சியத்தில் பிறிண்டர் ஒன்று இருப்பதைச் சிப்பாய் வோக்கியில் சொல்ல, இனி அதையும் ஓடவிட்டுக் காட்டு என்றார் அதிகாரி. மாடிக்கு ஏறினோம். பெட்டியைப் பூட்டினேன், இந்த முறை மூடியை மூன்று தரம் பார்த்தேன். அதற்குள் களஞ்சியத்தில் ஜெசிந்தா சாக்குச் சிப்பாயிடம் முக்கியமான ஒன்றைச் சொல்லியிருந்தாள். இந்தப் பிறிண்டர் சூட்டுச் சத்தம் போடும், உங்கள் ஆட்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள் என்று. அவன் வோக்கியில் சொல்ல, சென்றி முழுவதும் தெரிந்து, துவக்குகள் கீழே இறங்கின. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கு ஏன் சொல்ல வேண்டும்? பிறிண்டரைப் பூட்டியவனே நான்தானே.

பட்டனைத் தட்டினேன்.

ஒழுங்கை அந்தத்திலிருந்து, "ட்ரட்ட்ட்ட்... ட்ரட்ட்ட்ட்..."

அந்த ஒழுங்கையில் ஒரே ஒரு ஆள்தான் நிலத்தில் விழுந்து படுத்தான். மேசைக்குக் கீழே, தலைக்கு மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. சாப்பாட்டுச் செபம் மீண்டும் வந்தது.

கண்ணைத் திறந்தால் அதிகாரி குந்தியிருந்து மேசைக்குக் கீழே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அந்த மீசைக்குக் கீழே பல் தெரிந்தது.

"மல்லி," என்றார் ஆறுதலாக, "பிறிண்ட் வெனவா."

அச்சடிக்கிறதாம்.

வயர் தப்பியது, ஒரு நிபந்தனையோடு. கறுத்த வயர் கறுத்த வயராகத் தெரியக்கூடாது, அது நெடுகலும் துணி கட்ட வேண்டும். கோயில் பெருநாளுக்குப் போட்ட துணிக் கொடிகள் களஞ்சியத்தில் கிடந்தன. மஞ்சளும் நீலமுமாக ஒழுங்கை முழுவதும் கட்டினோம். போவோர் வருவோர் எல்லாம் செபமாலை அண்ணனிடம் நின்று கேட்டார்கள்.

"என்னண்ணை, ஆற்ற பெருநாள்?"

"கழுதையாற்ற," என்பார் அவர். "கொடியேத்தம் முடிஞ்சுது. தம்பி ஜெறோம்தான் சுருவம் தூக்கி ஊர்வலம் வந்தவர்."

கழுதைக்கும் புதிய ஆமி பாண் போடத் தொடங்கியது. சாக்குச் சிப்பாய்தான் ஊட்டினான்.

ஜெசிந்தாவை நான் கலியாணம் கட்டினேன். (என்னை அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்த ஒருத்தியை வெளியே விட்டுவைப்பது ஆபத்து.) பீடத்துக்கு முன்னால் சுவாமியார் சம்மதம் கேட்டபோது எனக்கு வாய் திறபடவில்லை.  பக்கத்திலிருந்து, முக்காட்டுக்குள்ளால், உதடு அசையாமல் ஒரு குரல்: "மூடியைக் கழட்டுங்கோ." அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பழமொழி. நேர்முகத்துக்குப் போகும் மகளுக்கும் அதுதான், கார் ஸ்டார்ட் வராத மருமகனுக்கும் அதுதான்.

போன வருஷம் எனக்குக் கண்ணில் ஒப்பிரேசன். முடிந்து கட்டிலில் இருத்தினார்கள். நேர்ஸ் ஒரு சின்ன ரோச் லைற்றைக் கொண்டு வந்து, முகத்துக்கு நேரே பிடித்து, "ஐயா, வெளிச்சம் தெரியுதோ?" என்றாள்.

தெரியவில்லை. ஒரு பொட்டும் தெரியவில்லை.  கட்டிலின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டேன். தலை தானாகப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது.

மூலைக் கதிரையில் செபமாலை மணி உருட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா விரலை நிற்பாட்டினாள்.

"பிள்ளை," என்றாள் நேர்ஸிடம், "நல்ல கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார், ஒப்பிரேசன் கண்ணில மூடி கிடக்கு. முதல்ல அதைக் கழட்டு."